டெர்மினல் வாசலிலிருந்து க்ரீக் கரை வரை: துபாய்க்கு முதல்முறை போகிறவர்களுக்கு

துபாய் டிக்கெட் கைக்கு வந்ததும் அதில் ஓர் எண்ணைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: இறங்கப்போவது டெர்மினல் 1-லா, 2-லா, 3-லா? மெட்ரோவில் போகலாமா, டாக்ஸிதானா, அடுத்த விமானத்தைப் பிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும், ஊரைச் சுற்ற எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பதெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

டெர்மினல் 3 எமிரேட்ஸ் விமானங்களுக்காக 2008-இல் திறந்தது. ஏ, பி, சி என்று மூன்று கான்கோர்ஸ்கள், அதாவது விமானம் ஏறும் கேட்டுகள் இருக்கும் கட்டடங்கள். பி-யும் சி-யும் ஒட்டியிருப்பதால் நடந்தே போய்விடலாம். ஏ-க்கு மட்டும் உள் ரயில். மற்ற வெளிநாட்டு நிறுவனங்களில் பெரும்பாலானவை டெர்மினல் 1. இதன் கேட்டுகள் எல்லாம் 2016-இல் திறந்த டி கான்கோர்ஸில் இருக்கின்றன. அங்கிருந்து இமிகிரேஷன் பக்கம் வரவும் உள் ரயில்தான். டெர்மினல் 2 ஓடுபாதைகளுக்கு மறுபக்கம், தனியாக ஒதுங்கி நிற்கிறது. அங்கே மெட்ரோ கிடையாது. ஃப்ளைதுபாயின் பெரும்பான்மை விமானங்கள் 2-இல், சில 3-இல் என்று பிரிந்திருப்பதால், நிறுவனத்தின் பெயரை வைத்து டெர்மினலை ஊகிக்கக் கூடாது. போகும்போது ஒன்று, திரும்பும்போது வேறொன்று என்றும் வரலாம். இரண்டையும் பாருங்கள்.

துபாய் வழியாக ஐரோப்பாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்திருப்பார்கள்: வருவது டெர்மினல் 2, கிளம்புவது டெர்மினல் 1. இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இல்லையென்றால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்கு மாறாது. வெளியே வந்து பெல்ட்டில் எடுத்து, சாலை வழியாக அடுத்த டெர்மினலுக்குப் போய், மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். வெளியே வர விசா வேண்டும். விசா இல்லாதவரை, சென்னையிலோ கொழும்பிலோ செக்-இன் கவுன்டரிலேயே விமானம் ஏற்ற மறுக்கலாம். மிச்சம் பிடித்த மூவாயிரம் ரூபாய்க்கு மொத்த டிக்கெட்டும் போகும். ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் டெர்மினல் மாறினாலும் உள்ளுக்குள்ளேயே பஸ்ஸில் கொண்டுபோய் விடுவார்கள்.

விசாவும் பெயரும்

இந்திய, இலங்கை சாதாரண பாஸ்போர்ட்டுக்கு விசாவைக் கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். சுற்றுலா விசா 30 நாள், 60 நாள் என்று இருவகை. விமான நிறுவனம் மூலமும் எடுக்கலாம், டிராவல் ஏஜென்ட் மூலமும் எடுக்கலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய விசாவோ குடியிருப்பு அனுமதியோ, சிங்கப்பூர், ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா குடியிருப்பு அனுமதியோ உள்ள இந்தியர்களுக்கு மட்டும் இறங்கியபின் 14 நாள் விசா கிடைக்கும். விசா முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம்.

தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டம் காலியாகவும் பெயர் ஒற்றைச் சொல்லாகவும் இருக்கும். இப்படி ஒற்றைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று சில நாட்களில் தளர்த்தினாலும், செக்-இன் கவுன்டரில் வாதாடி நிற்கும் விஷயம் அல்ல இது. உங்கள் பாஸ்போர்ட் அப்படி இருந்தால் விசாவுக்குப் பணம் கட்டும் முன் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேரம் இருந்தால் அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்துப் புதுப் பாஸ்போர்ட்டே எடுத்துவிடுவது நிம்மதி.

ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) குறிப்புள்ள இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், அதாவது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு முடிக்காதவர், சுற்றுலாவாகப் போனால் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. ஆனால் இந்தியப் பக்க இமிகிரேஷனில் துருவித் துருவிக் கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, கைச்செலவுக்கான பணம் மூன்றையும் காகிதத்தில் எடுத்துப் போங்கள். ‘டூரிஸ்ட் விசாவில் போ, வேலை அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் ஏஜென்டுக்கு இந்தக் கட்டுரையில் வழிகாட்டல் கிடையாது, டூரிஸ்ட் விசாவில் வேலை பார்ப்பது சட்டவிரோதம்.

பெட்டியில் எது போகக் கூடாது

கசகசா. குருமாவுக்கு அரைக்க அம்மா கட்டிக் கொடுக்கும் ஐம்பது கிராம் பொட்டலம்கூடப் போகக் கூடாது. அபினிச் செடியின் விதை என்பதால் அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் வரிசையில் வருகிறது. ‘சமையலுக்குத்தான்’ என்ற விளக்கம் எடுபடாது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெற்றிலையும் பான் வகைகளும் துபாய் சுங்கத் தடைப் பட்டியலில் இருப்பவை. கல்யாணத் தாம்பூலத்தோடு அப்படியே விமானம் ஏறிவிடாதீர்கள்.

மருந்துகளில் கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. இவற்றுக்கு அந்நாட்டு அரசிடம் ஆன்லைனில் முன் அனுமதி பெற வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்குச் சிக்கல் இல்லை. மருந்துச் சீட்டோடு, அட்டையிலிருந்து பிரிக்காமல் வைத்துக்கொண்டால் போதும்.

அங்குள்ள பிளக், பிரிட்டிஷ் பாணியில் மூன்று தட்டை முனை கொண்டது. இந்திய உருண்டை முனை பிளக் உள்ளே போகாது. அடாப்டரை ஊரிலேயே வாங்குங்கள். விமான நிலையத்தில் அதே பொருள் பல மடங்கு விலை. கையில் 60,000 திர்ஹமுக்கு மேல் ரொக்கமோ அதற்கு ஈடான மதிப்போ இருந்தால் அறிவிக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு அந்தக் கவலை வராது என்றாலும், நகைகளும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைக் கல்யாணக் கோஷ்டிகள் நினைவில் வைக்கவும்.

இறங்கியபின்

துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னே. வரிசை இதுதான்: விமானத்திலிருந்து நடை அல்லது உள் ரயில், இமிகிரேஷன், பெட்டி பெல்ட், சுங்க ஸ்கேனர், வெளிவாசல். அடுத்த விமானத்துக்கு மாறுகிறவர்கள் ‘அரைவல்ஸ்’ பலகையைப் பின்தொடரக் கூடாது. ‘கனெக்‌ஷன்ஸ்’ பலகையைப் பிடித்துப் போக வேண்டும். கூட்டம் போகும் திசையில் போய்விட்டு, பிறகு எதிர்நீச்சல் போட்டுத் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு.

இமிகிரேஷனில் விசா நகல், பாஸ்போர்ட் இரண்டும் போதும். பெரும்பாலும் கேள்வி இருக்காது. தங்குமிடம் எது என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகும் விடிகாலையிலும் பல விமானங்கள் ஒரே நேரத்தில் இறங்குவதால் வரிசை நீளும். ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். முன்னதாக முடிந்தால் லாபம்.

விமான நிலைய வைஃபை இலவசம், நேர வரம்பு இல்லை. சில சமயம் சுற்றுலாப் பயணிகளுக்கு இலவச சிம்மும் தருவார்கள், தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் பொதுவாகப் போகாது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போட வேண்டாம், அங்கே அப்படித்தான். ‘வந்து சேர்ந்ததும் கூப்பிடுகிறேன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தால் ‘சேர்ந்துவிட்டேன்’ என்று எழுதி அனுப்புங்கள். அங்கே வேலை செய்பவர்கள் போட்டிம் என்ற செயலியில் பேசுகிறார்கள்.

பணம் மாற்றும் கவுன்டர்கள் பெல்ட் அருகிலேயே இருக்கும். விகிதம் ஊருக்குள் இருப்பதைவிட மோசம். டாக்ஸிக்கும் டீக்கும் வேண்டிய நூறு திர்ஹம் அளவுக்கு மாற்றிக்கொண்டு, மிச்சத்தைப் பழைய ஊர்ப் பகுதிகளான தேரா அல்லது பர் துபாய் எக்ஸ்சேஞ்சுகளில் மாற்றலாம். டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று 1997 முதல் நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால் டாலர் கொண்டுபோனால் ஏமாற வாய்ப்புக் குறைவு. ரூபாய் நோட்டு கொண்டுபோனால் விகிதத்தில் அடிபடும்.

சில மணி நேரமே சுற்றப் போகிறவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். டெர்மினல் 1, 3 வருகைப் பகுதிகளில் பொருள் காப்பகம் உண்டு. 12 மணி நேர அடிப்படையில் பைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள்.

மெட்ரோவா, டாக்ஸியா

முதலில் மணியைப் பாருங்கள். மெட்ரோ திங்கள் முதல் வியாழன் வரையும் சனிக்கிழமையும் காலை 5 முதல் நள்ளிரவு 12 வரை. வெள்ளிக்கிழமை இரவு 1 மணி வரை. ஞாயிறு காலை 8 மணிக்குத்தான் தொடங்கும். தமிழ்நாட்டு விமானங்கள் பல இரவில் புறப்பட்டு நள்ளிரவு தாண்டி இறங்குபவை. அப்படி இறங்கினால் மெட்ரோ இருக்காது. டாக்ஸி, அல்லது வருகைக் கூடத்தில் விடியும்வரை உட்கார வேண்டும். திரும்பும்போதும் இதே பொறி: ஞாயிறு காலை விமானத்துக்கு மெட்ரோவை நம்பிப் போனால் பூட்டிய நிலையத்தின் முன் பெட்டியோடு நிற்க நேரும்.

டாக்ஸி எளிது. வாசலில் வரிசை, இளமஞ்சள் வண்டி, கூரை நிறம் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இளஞ்சிவப்புக் கூரை வண்டியைப் பெண்கள் ஓட்டுவார்கள். அது பெண்களுக்கும் குடும்பங்களுக்கும். விமான நிலையத்தில் ஏறினால் மீட்டர் 25 திர்ஹமில் தொடங்கும், ஊருக்குள் ஏறினால் 5-லிருந்து. அதனால் அருகில் இருக்கும் தேராவுக்குப் போகக்கூட நாற்பது பக்கம் வந்துவிடும். ஓட்டுநர் கூடுதலாக வாங்கிவிட்டார் என்று பலர் சண்டைக்குப் போவது இந்த 25 தெரியாமல்தான். வழியில் சாலிக் என்ற சாலைக் கட்டண வளைவு வந்தால் அதுவும் கட்டணத்தில் ஏறும். உள்ளே வந்து ‘டாக்ஸி டாக்ஸி’ என்று மெதுவாகக் கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள்.

மெட்ரோவுக்கு நோல் என்ற பயணக் கார்டு வேண்டும். அதில் சிவப்பு டிக்கெட் காகிதம். 2 திர்ஹம், மேலே பயணக் கட்டணம். வெள்ளி நிறக் கார்டு 25 திர்ஹம், அதில் 19 பயணத்துக்கு இருக்கும், ஐந்தாண்டு செல்லும். வெள்ளிக் கார்டில் ஒரு கட்டண மண்டலத்துக்குள் 3 திர்ஹம், அடுத்தடுத்த இரு மண்டலம் 5, அதற்கு மேல் 7.50, சிவப்பில் ஒவ்வொன்றிலும் ஒரு திர்ஹம் கூடுதல். மூன்று பயணத்துக்கு மேல் போவீர்கள் என்றால் வெள்ளிதான் சரி. பின்னர் பணம் ஏற்றும்போது கவுன்டருக்குப் போகாமல் இயந்திரத்துக்குப் போங்கள்; 2024 ஆகஸ்ட் முதல் கவுன்டரில் குறைந்தது 50 திர்ஹம் ஏற்ற வேண்டும்.

டெர்மினல் 1-க்கும் 3-க்கும் தனித்தனி நிலையம், இரண்டும் சிவப்புத் தடத்தில். பிளாட்ஃபாரத்தில் ஒரு பக்கம் சென்டர்பாயின்ட், மறுபக்கம் ஊருக்குள் போகும் ரயில். சென்டர்பாயின்ட் போகும் பக்கம் ஏறினால் ஊருக்கு எதிர்த்திசையில் போவீர்கள். இங்கே நிலையப் பெயர்களை நிறுவனங்களுக்கு விற்பது வழக்கம், ஆகவே பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பத்து வருஷம் அங்கிருந்து திரும்பிய மாமா ‘ரஷீதியா’ என்பார், அதுதான் இன்றைய சென்டர்பாயின்ட். ‘அல் ஃபஹீதி’ என்பார், அது ஷரஃப் டிஜி. புதிய வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு இரண்டு பை வரை மெட்ரோவில் அனுமதி: ஒன்று பெரிது, 81 × 58 × 30 சென்டிமீட்டருக்குள், ஒன்று சிறிது, 55 × 38 × 20-க்குள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி மூன்று நான்கோடு போனால் தடுப்பார்கள். காலை 7 முதல் 9, மாலை ஐந்தரை முதல் 8 வரை கூட்டம் நெருக்கும். பெட்டியோடு ஏற வேண்டாம்.

அபராதங்கள் நிஜமானவை. ரயிலிலும் நிலையத்திலும் சாப்பிட்டால், குடித்தால் 100 திர்ஹம். குடிப்பது என்றால் தண்ணீரும்தான், சூயிங்கமும் சேர்த்தி. வெயிலில் அலைந்துவிட்டு வந்து ஏறியவுடன் பாட்டிலைத் திறப்பது நம் வழக்கம். கேட்டுக்குள் நுழையும் முன்பே குடித்துவிடுங்கள். பெண்கள், குழந்தைகளுக்கான பெட்டிப் பகுதியைத் தரையில் இளஞ்சிவப்புக் கோட்டால் பிரித்திருப்பார்கள். ஆண்கள் அந்தக் கோட்டைத் தாண்டி நின்றாலும் 100. கூடுதல் கட்டணமுள்ள தங்க வகுப்பில் வெள்ளிக் கார்டோடு ஏறினாலும் அபராதம்.

வெளியே போகலாமா என்ற கணக்கு

இடைநிறுத்தப் பயணிகளுக்கு 48 மணி நேர டிரான்சிட் விசாவும் 96 மணி நேர விசாவும் உண்டு. இரண்டையும் அமீரக விமான நிறுவனங்கள் மூலம் கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். எமிரேட்ஸில் நீண்ட இடைநிறுத்தம், அதைவிடக் குறுகிய இணைப்பு விமானம் இல்லை என்ற நிலை இருந்தால் ‘துபாய் கனெக்ட்’ திட்டத்தில் ஹோட்டல், சாப்பாடு, விசா செலவு அவர்களுடையதாகலாம். பயணத்துக்கு ஒரு நாளாவது முன்பே நீங்கள்தான் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இறங்கிய பிறகு கேட்டால் வேலைக்காகாது.

இறங்கும் நேரத்துக்கும் அடுத்த விமான நேரத்துக்கும் உள்ள இடைவெளியிலிருந்து நான்கு மணி நேரத்தைக் கழியுங்கள்: வெளியே வர ஒன்று, திரும்ப உள்ளே போய்க் கேட்டில் உட்கார மூன்று. ஆறு மணி நேர இடைவெளி என்றால் கையில் இரண்டு. அதற்குப் போகாமல் இருப்பதே மேல். எட்டு என்றால் பழைய ஊரின் கடற்கழியான க்ரீக் மட்டும். பத்து, பன்னிரண்டு என்றால் க்ரீக்கும் புர்ஜ் கலீஃபா பக்கமும். மெரினா, பாம் ஜுமைரா எல்லாம் ஊரின் மறுகோடியில். மெட்ரோவில் போக மட்டும் ஒரு மணி நேரம் ஆகலாம், ஒருநாள் பயணத்தில் அவற்றை விட்டுவிடுங்கள்.

உள்ளேயே இருப்பதென்றால் மணிக்கணக்கில் வாடகைக்குச் சிறு படுக்கை அறைகள் தரும் ‘ஸ்லீப் அண்ட் ஃப்ளை’ உண்டு. டெர்மினல் 3-இல் இமிகிரேஷன் தாண்டாமலே தங்கும் ஹோட்டலும் உண்டு. எல்லா டெர்மினல்களிலும் தொழுகை அறை, குழந்தைகளுக்கு உடை மாற்றும் அறை இருக்கின்றன. குடிநீர்க் குழாய்கள் கழிப்பறை வாசலை ஒட்டி இருக்கும். காலி பாட்டில் கொண்டுபோனால் காசு மிச்சம்.

க்ரீக் பக்கம்

முதல்முறை போகிறவருக்கு அரை நாள்தான் இருக்கிறது என்றால், கண்ணாடிக் கோபுரங்களைவிட க்ரீக் கரைதான் என் பரிந்துரை. விமான நிலையத்துக்குக் கிட்டே, செலவு மிகக் குறைவு, நடந்து பார்க்கக்கூடியது. துபாய் என்ற ஊர் உருவானதே இந்த உப்புநீர்க் கழியால்தான். மரக்கலங்கள் இன்றும் கரையோரம் குளிர்சாதனப் பெட்டியும் டயரும் ஏற்றிக்கொண்டு நிற்கும்.

டெர்மினல் 1-லிருந்து ஊருக்குள் போகும் சிவப்புத் தட ரயிலில் நான்காவது நிலையம் யூனியன். டெர்மினல் 3-லிருந்து ஐந்தாவது. அங்கே பச்சைத் தடத்துக்கு மாறி, பனியாஸ் ஸ்கொயர், கோல்ட் சூக் தாண்டி அல் ராஸில் இறங்குங்கள். கார்டை வெளியே எடுத்துத் தேய்க்காமல் உள்ளுக்குள்ளேயே தடம் மாறலாம், ஒரே கட்டணம். தங்கச் சந்தை மட்டும் பார்ப்பதென்றால் கோல்ட் சூக் நிலையத்திலேயே இறங்கலாம். ஆனால் அல் ராஸில் இறங்கினால் மசாலாச் சந்தை, தங்கச் சந்தை, படகுத்துறை மூன்றும் ஒரே நடையில் வரும்.

மசாலாச் சந்தையில் குங்குமப்பூ, காய்ந்த எலுமிச்சை, சாம்பிராணி. சொல்லும் விலையில் பாதிக்குக் கேட்டுத் தொடங்கலாம்; ஏலக்காயும் மிளகும் அங்கே வாங்குவதில் நமக்கு அர்த்தமில்லை. கடைகள் மதியம் ஒரு மணி வாக்கில் பல மூடி, நான்கு மணிக்கு மேல் திறக்கும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடியும்வரை போகவே வேண்டாம். இரு பக்கமும் இறங்கிய ஷட்டரைத்தான் பார்ப்பீர்கள். ‘காப்பி வாட்ச், காப்பி பேக்’ என்று காதருகே வந்து சொல்பவர்களைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள்.

அடுத்து அப்ரா. தேரா பக்கத்திலிருந்து பர் துபாய்க்குக் கடக்கும் மரப்படகு, ஒரு திர்ஹம். கார்டு வேண்டாம், டிக்கெட் இல்லை. நடுக்கழியில் ஓட்டுநர் கைநீட்டும்போது நாணயமாகக் கொடுக்க வேண்டும். நூறு திர்ஹம் நோட்டை நீட்டினால் படகே உங்களைப் பார்க்கும். கைப்பிடி கிடையாது, தண்ணீரைப் பார்த்து உட்காரும் நடு மேடைதான். குழந்தையை மடியில் வையுங்கள். முழு ஊரிலும் கொடுத்த காசுக்கு இவ்வளவு திருப்தி தரும் வேறொன்று இல்லை. தனிப் படகு என்று கூப்பிட்டு நூற்றுக்கணக்கில் சொல்கிறவர்கள் வேறு. பொதுப்படகுத் துறையில் ஏறுங்கள்.

இறங்கியதும் மரக்கூரை போட்ட துணிச் சந்தை. அதைத் தாண்டிக் கரையோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் அல் ஃபஹீதி பழைய குடியிருப்பு. பாரசீகத்தின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் கட்டியதால் பஸ்தகியா என்றும் சொல்வார்கள். பவளக்கல்லும் சுண்ணமும் வைத்துக் கட்டிய வீடுகள். மேலே நான்கு பக்கமும் திறந்த சதுரக் கோபுரங்கள். எந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தாலும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கி, சூடான காற்றை எதிர்ப்பக்கம் வெளியேற்றும் ஏற்பாடு இது. ஏசி வருவதற்கு முந்தைய ஏசி. சந்துகளில் நடக்கக் கட்டணம் இல்லை. அங்கிருந்து திரும்ப ஷரஃப் டிஜி நிலையம் நடைதூரம்.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். பர்ஜுமான் நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் பர் துபாய், மறுபக்கம் கராமா. கராமாவில் தமிழ்நாட்டுச் சைவ ஓட்டல், செட்டிநாடு, மலையாளி மெஸ் எல்லாம் தெருவுக்குத் தெரு உண்டு. தெருமுனைக் கடைகளில் கேட்க வேண்டியது ‘கரக்’: ஏலக்காய் போட்டுச் சுண்டக் காய்ச்சிய டீ.

புர்ஜ் கலீஃபா பக்கம்

மெட்ரோ நிலையத்தின் பெயர் புர்ஜ் கலீஃபா / துபாய் மால். பெயரைப் பார்த்து, இறங்கியதும் கோபுரம் என்று நினைக்க வேண்டாம். குளிரூட்டப்பட்ட நீண்ட நடைபாலம், பாதியில் நகரும் பட்டைகள். மால் வாசலுக்கே கால் மணி நேரம். அதன்பின் மாலுக்குள் நீரூற்றுப் பக்கம் போக இன்னொரு கால் மணி நேரம். முழங்கால் வலிக்காரரோடு போகிறீர்கள் என்றால் டாக்ஸியே சரி.

828 மீட்டர் கோபுரத்தின் 124-ஆம் மாடிப் பார்வைத்தளத்துக்கு நேரம் குறித்த டிக்கெட். சூரியன் மறையும் நேரத்துக்கு விலை எகிறும், முதலில் தீர்வதும் அதுதான். ஆன்லைனில் முன்பே எடுங்கள். நுழைவு கோபுரத்தின் அடியில் இல்லை, மாலின் கீழ்த்தளத்தில். குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே அங்கே நிற்க வேண்டும். தூசி நாளில் மேலே போனாலும் பழுப்பு நிறத்தைத் தவிர ஒன்றும் தெரியாது, ஆகவே வானத்தைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பதே நோக்கம் என்றால் 150 மீட்டர் துபாய் ஃபிரேம் பல மடங்கு மலிவு; ஒரு பக்கம் பழைய தேரா, மறுபக்கம் புதிய கோபுர வரிசை. மாக்ஸ் நிலையத்திலிருந்து நடந்தால் இருபது நிமிடம் என்று வரைபடம் சொல்லும். ஜூலையில் அந்த இருபது நிமிடத்தை நடக்காதீர்கள்.

நீரூற்றைக் கரையில் நின்று பார்க்கக் காசில்லை. மாலையிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடங்கள் ஆடும். மாலுக்குள் இருக்கும் மீன் காட்சியகத்தின் பிரம்மாண்டக் கண்ணாடியையும் வெளியிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். உள்ளே போகும் டிக்கெட் கட்டாயமில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை 40 பாகை தாண்டும், கடற்காற்றின் ஈரமும் சேரும். குளோபல் வில்லேஜ், மிராக்கிள் கார்டன் இரண்டும் கோடையில் மூடிவிடும். அந்த மாதங்களில் வெளி இடங்களைக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வையுங்கள், நடுவில் மால். சாலையைக் கண்ட இடத்தில் கடந்தால் 400 திர்ஹம் அபராதம். முன்பின் தெரியாத பெண்களையும் குடும்பங்களையும் படம் எடுத்தால் அபராதத்தோடு நிற்காது.

தங்கம் வாங்கினால்

தங்கச் சந்தையில் அன்றைய கிராம் விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான், பலகையில் இருக்கும். பேரம் பேச வேண்டியது செய்கூலியில். 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி உண்டு. சுற்றுலாப் பயணி 250 திர்ஹமுக்கு மேல் வாங்கினால் திரும்பப் பெறும் வழி இருக்கிறது; பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் கொடுத்து ‘டாக்ஸ் ஃப்ரீ’ பதிவு கேட்க வேண்டும். கட்டிய வரி முழுதும் வராது, 85 சதவீதத்திலிருந்து ஒவ்வொரு பில்லுக்கும் சிறு கட்டணம் கழித்துத் தருவார்கள்.

இந்தியா திரும்பும்போது பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் நகை வரியின்றிக் கொண்டுவரலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவருக்கு. நான்கு நாள் சுற்றுலா போய் வருகிறவருக்கு இல்லை. ஊரிலிருந்து அணிந்துபோகும் நகை நிறைய இருந்தால் கிளம்பும்போதே சுங்க கவுன்டரில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பும்போது அது துபாயில் வாங்கியதல்ல என்று நிரூபிக்க அதுதான் கைகொடுக்கும்.

திரும்பும் நாள்

விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு டெர்மினலில் இருங்கள். வரி திரும்பப் பெறுகிறவர்கள் இன்னும் அரை மணி முன்பு. பொருளைப் பெட்டியில் வைத்து அனுப்புவதற்கு முன்பே அந்த இயந்திரத்துக்கோ கவுன்டருக்கோ போக வேண்டும், பொருளைக் காட்டச் சொல்லலாம். பெட்டியை அனுப்பிவிட்டு வந்தால் பணம் இல்லை.

துபாய் விமான நிலையத்தில் பெட்டிக்கு ஒரு பக்கமாவது தட்டையாக இருக்க வேண்டும். 2017 முதல் உருண்டையான, ஒழுங்கற்ற மூட்டைகளை ஏற்பதில்லை. பெல்ட்டில் சிக்கி மொத்த இயந்திரமும் நின்றுவிடுகிறது என்பது காரணம். கம்பளியைச் சுருட்டி நைலான் கயிறு கட்டிக் கொண்டுவந்தால் அங்கேயே காசு கட்டி அட்டைப்பெட்டிக்கு மாற்ற வேண்டியிருக்கும். பவர்பேங்க் கைப்பையில் மட்டும். எமிரேட்ஸில் 2025 அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒன்றுதான், 100 வாட்-மணிக்குள். விமானத்துக்குள் அதில் சார்ஜ் போடவும் கூடாது.

பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் ட்யூட்டி ஃப்ரீக்குள் நுழையும் முன் கேட் எண்ணைப் பாருங்கள். டெர்மினல் 3-இல் ஏ-யில் தொடங்கும் எண் என்றால் ரயில் பிடிக்க வேண்டும். டெர்மினல் 1-இல் எல்லாருக்கும் ரயில் உண்டு. கடைசி அறிவிப்பு என்று ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கத்தை இந்த நிலையம் எப்போதோ விட்டுவிட்டது; பலகையைத்தான் பார்க்க வேண்டும். எமிரேட்ஸ் கேட் புறப்படுவதற்கு 20 நிமிடம் முன்பு மூடும்.